பின்பக்கத்தால் வாசித்த பெருமக்களுக்கு

பெறுநர்: சிறுவர் நூல் பரிசீலனைக் குழு, எங்கள் ஊர் நூலகம். (ஊரின் பெயர் வேண்டாம். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நூலகம் உள்ள ஒவ்வோர் ஊரும் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் சேர் அவர்களே, குழுவின் ஏனைய பெரியார்களே,



வாசிப்பு மாத மேடையில் என் மகளின் புத்தகத்தில் தாங்கள் குத்திய சீலின் ஊதா மை இன்னும் விரலில் ஒட்டுகிறது. "சிறுவர்களுக்கு உகந்ததல்ல." எழுத்துப் பிழை இல்லை, சாய்வு இல்லை, பக்கத்தின் நட்டநடுவில் நேராக விழுந்திருக்கிறது. அந்தக் கைத்திறனைப் பாராட்டத்தான் இந்தக் கடிதம்.

புத்தகம் எய்ச்சிரோ ஓடா வரைந்த 'ஒன் பீஸ்', ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுதி. மங்கா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லும் ஜப்பானியப் படக்கதை. தரம் 8 படிக்கும் பிள்ளை தனக்குப் பிடித்த நூலைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்திருந்தாள். பேச விடவில்லை. தாங்கள் புத்தகத்தை வாங்கி, நாலு தாளைப் புரட்டி, மைக்கை விலக்காமலே "இதெல்லாம் வாசிக்கிற பிள்ளையா நீ?" என்று கேட்டு, சீல் குத்தி, இரண்டு விரலால் தூக்கித் திருப்பிக் கொடுத்தீர்கள். கூட்டம் சிரித்தது. அவள் கதிரைக்கு வந்ததும் என் காதில் சொன்னது இதுதான்: "வாப்பா, சேர் பின்பக்கத்தால தொடங்கிட்டார்."

உண்மைதான் சேர். ஜப்பானியப் படக்கதை வலப்பக்கம் திறந்து இடப்பக்கம் போகும். ஆங்கிலப் புத்தகம் போலத் திறந்தால் கடைசிப் பக்கம்தான் முதலில் வரும். இப்படி யாராவது செய்வார்கள் என்று தெரிந்தே, தவறான திசையில் வந்துவிட்டீர்கள், மறுபக்கம் போங்கள் என்று அங்கே ஓர் அறிவிப்பை அச்சடித்திருக்கிறார்கள். தாங்கள் சீல் குத்தியது அந்த அறிவிப்பின் மேல்.

ஓதப்பள்ளியில் அலிஃபில் தொடங்கிய நாள் முதல் வலப்பக்கம் திறந்து பழகிய கைகள் நம்முடையவை. நம் மூத்தம்மாமார் அறபுத் தமிழில் மாலைகளை வலமிருந்து இடமாகவே வாசித்தார்கள். பொத்துவிலின் உல்லை வீதியில் உல்லாசப் பயணிகளுக்காக ஹீப்ருப் பலகைகள் தொங்கிய காலத்தில், எந்த எழுத்து எந்தப் பக்கத்தில் தொடங்கும் என்று ஓட்டோக்காரருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒரு புத்தகத்தைப் பின்பக்கத்தால் திறக்க அசாத்தியத் திறமை வேண்டும். கலியாண வீட்டில் வட்டிலப்பத்தில் தொடங்கி சோற்றுக்கு வரும் ஒருவரை இதுவரை நான் கண்டதில்லை. இப்போது கண்டேன், அல்ஹம்துலில்லாஹ்.

பின்பக்கத்தால் போனதால் தங்களுக்கு ஒரு நட்டமும் ஆகிவிட்டது. முதல் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில்தான் நாமி என்ற பெண் வருகிறாள், குட்டைப் பாவாடையோடு. தாங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள். முன்பக்கத்தால் திறந்திருந்தால் என்ன பிடிபட்டிருக்கும் தெரியுமா? தன் வீரத்தைக் காட்டக் கண்ணுக்குக் கீழே கத்தியால் குத்திக்கொள்ளும் சின்னப் பொடியன். கொஞ்சம் தள்ளி, குடித்துக் கும்மாளமிடும் கடற்கொள்ளையர். அதைக் காட்டி என்னைக் கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன். வழக்கில் வெல்ல வேண்டிய சாட்சியம் முழுவதும் முன்பக்கத்தில் கிடக்க, தாங்கள் பாவாடையின் நீளத்தை அளந்துகொண்டிருந்தீர்கள். மேயிலிருந்து ஒக்டோபர் வரை உல்லைக் கடற்கரையில் சேர்ஃபிங் பலகையோடு நடப்பவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பது குழுவினருக்குத் தெரியாதிருக்கலாம். பொத்துவில் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நாமியின் உடுப்பைப் பற்றி எங்கள் வீட்டிலும் பேச்சு நடந்தது. போகப் போகத் துணி குறைகிறதே என்று கேட்டேன். "வரைஞ்சவருக்கு வேற வேலையில்ல வாப்பா" என்றாள். குழுவின் அறிக்கையைவிட அந்த விமர்சனம் எனக்குத் திருப்தி.

வயது பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் சினிமாவுக்குச் சான்றிதழ் கொடுக்கச் சபை உண்டு, புத்தகத்துக்கு வயதுக் குறி போடும் முறை கிடையாது. ஆகவே பதிப்பகம் போட்ட குறியே நமக்கு முதல் துணை. அமெரிக்காவில் விஸ் நிறுவனம் வெளியிடும் 'ஒன் பீஸ்' 13 வயதினருக்கும் அதற்கு மேலானவர்களுக்கும். அதே நிறுவனத்தின் 'டெத் நோட்' 16 வயதுக்கு மேல். இத்தனைக்கும் இரண்டும் ஜப்பானில் ஒரே சிறுவர் வார இதழில், 'ஷோனென் ஜம்ப்'பில், தொடராக வந்தவை. அங்கே சிறுவர் இதழ் என்றால் இங்கே எல்லாச் சிறுவருக்கும் ஏற்றது என்று பொருளில்லை. இந்தக் குறி பின்னட்டையில் இருக்கும். பின்பக்கத்தால் திறப்பவர்களுக்கு முதலில் படுவதே அதுதான் சேர். தங்கள் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று எங்கள் வீட்டில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது.

தாங்கள் தனியாக இல்லை என்பதையும் சொல்லி மகிழ்கிறேன். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதாயிருந்து, தகப்பனையும் உடன்பிறந்தவர்களையும் பறிகொடுத்த கெய்ஜி நக்கசாவா, அதையே 1973 முதல் 'ஹதாஷி நோ கென்' என்று படக்கதையாக வரைந்தார். அதுவும் முதலில் வந்தது 'ஷோனென் ஜம்ப்'பில்தான். 2012 டிசம்பரில் மட்சுயே நகரக் கல்விச் சபையின் அலுவலகம், பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி அதைப் பாடசாலை நூலகங்களில் உள்ளே வைக்கச் சொன்னது. ஜப்பானிய இராணுவத்தின் கொடுமைகளைக் காட்டும் படங்கள் கடுமையானவை என்பது காரணம். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2013 ஓகஸ்டில் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்றார்கள். பிழையை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு எட்டு மாதம் போதுமாயிருந்தது. தங்களுக்கு அவசரமில்லை.

இனித்தான் விஷயம். நிகழ்ச்சி முடிந்து போகும் வழியில் தங்கள் நூலகத்தின் சிறுவர் தட்டைப் பார்த்தேன். கீழ்த்தட்டில், ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், 'அட்டாக் ஒன் டைட்டன்' முதல் தொகுதி. உல்லை கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன புத்தகமாம், அன்பளிப்பாக வந்ததாம். அட்டையில் தோலுரிந்த பூதம் நிற்கிறது, பெண்பிள்ளை இல்லை. அதனால் "வீரக்கதை" என்று குழு அனுமதித்திருக்கிறது. பதிப்பகத்தின் குறி 16 வயதுக்கு மேல். தொடக்க அத்தியாயங்களிலேயே, இடிந்த வீட்டுக்குள் கால் சிக்கிய தாயை மகனின் கண் முன்னால் ஒரு பூதம் தூக்கித் தின்கிறது. விழும் வீடு, ஓடும் ஊர், காப்பாற்ற முடியாத தாய்.

சேர், இது எந்த ஊர் என்று யாராவது ஒருவர் யோசித்தீர்களா? 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்தானார்கள். கையை விட்டுத் தாயைப் பறிகொடுத்த பிள்ளைகள் இன்று இங்கே தாயும் தகப்பனுமாக இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் அந்தத் தட்டுக்கு வருகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் உம்மாவிடம் என்ன கேட்கும்? குழுவில் இத்தனை பேர் இருக்கிறீர்கள், ஆனால் ஒரு புத்தகத்தைக்கூட வாசிக்கவில்லை. வாசிக்காமல் ஒன்றை உள்ளே விட்டீர்கள், வாசிக்காமல் ஒன்றை வெளியே தள்ளினீர்கள். ஒரு பெண்பிள்ளையை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறும் தின்றிருப்பீர்கள். வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் தகுதிக்கு இப்படிப் பேசியிருக்கக் கூடாது. தாங்கள் முன்பக்கத்தால் வாசித்துவருகிறீர்கள் என்றால் கோபத்துக்குப் பிறகுதான் இந்த மன்னிப்பு வரும், பின்பக்கத்தால் என்றால் மன்னிப்பை முதலிலேயே பார்த்திருப்பீர்கள்.

பிள்ளைகள் வெறும் கையோடு இருப்பதாகவும் தாங்கள் எண்ண வேண்டாம். 2020இல் கொரோனாவால் பாடசாலை பூட்டி, பாடத்தை ஃபோனுக்கு அனுப்பினோம். பாடம் நின்றுவிட்டது, ஃபோன் கையிலேயே நின்றுவிட்டது. தாங்கள் தடுத்த கதைகளும் தடுக்க மறந்த கதைகளும் அதற்குள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே வயதுக் குறியும் இல்லை, தங்கள் சீலும் இல்லை. அச்சுப் புத்தகம் என்றால் வாப்பாவோ உம்மாவோ பக்கத்தில் இருந்து புரட்டலாம், பிடிக்காத பக்கத்தில் நின்று பேசலாம். கடற்கொள்ளையருக்கு நான் காவல் இருக்கிறேன். அந்த வேலையை என்னிடம் விட்டுவிடுங்கள்.

தங்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். மைக்கில் கேட்ட கேள்வியை மைக்கிலேயே திரும்பப் பெறுங்கள், அடுத்த கூட்டத்தில் என் மகள் பேசட்டும். இன்னொன்றுக்குக் கூட்டமும் தீர்மானமும் வேண்டாம். நாளை சனிக்கிழமை, காலையில் சின்னப் பிள்ளைகள் வருவார்கள். நூலகம் திறக்குமுன் அந்தப் பூதக் கதையை எடுத்து வளர்ந்தோர் பகுதியில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாப்பா,
உல்லை.