விருந்தோம்பும் குளம்

புது மீனை மூன்று வாரமாவது தனித்தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டுமாம். என்ன கல்நெஞ்சம்! எங்கள் தெருக்காரர் அப்படியல்ல. கொளத்தூர் சந்தையில் கோய் மீன் வாங்கினார்; வந்ததும் பையைக் கொல்லைக் குளத்தில் கவிழ்த்தார். ஒட்டிக்கொண்டு வந்த மீன் பேனையும் நங்கூரப் புழுவையும் ஏனென்று கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் ஒன்பது பேர் வருவதில்லையா? அதிலும் அந்தப் புழு, பெயருக்குத்தான் புழு. பிறப்பால் இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். நல்ல குடும்பம். லிட்டருக்கு 3 கிராம் உப்புப் போட்டு வைக்கச் சொன்னார் கடைக்காரர். விருந்தாளியை ஊறுகாய் போடுவதா?

இப்போது குளத்தில் மீன் ஒன்றுகூட இல்லை. பேன்கள் பட்டினி. மனசு கேட்குமா? ஆறு மீன் ஆர்டர் கொடுத்திருக்கிறார்.