38 மில்லி

அம்மாவின் தாளிப்புக் கரண்டி என் மேசை மேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. நெளிவு விழுந்த அதன் குழிக்குள் ஒரு பிஸ்மத் கட்டி, பழைய மோதிரம் விரலில் இறுகின மாதிரி கழற்ற முடியாமல் கிடக்கிறது. பிஸ்மத் 271 டிகிரியில் உருகிவிடும், சமையல் அடுப்பே போதும். படிக்கட்டு படிக்கட்டாகப் படிகம் வளரும், மேலே படியும் மெல்லிய ஆக்சைடு வானவில் நிறம் காட்டும். பாதி உறைந்ததும் மிச்சத் திரவத்தை வடித்துவிட வேண்டும், அதுதான் சூட்சுமம். அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது, பேசி முடிப்பதற்குள் அத்தனையும் உறைந்துவிட்டது. உறையும்போது விரிகிற அபூர்வ உலோகங்களில் பிஸ்மத் ஒன்று, சுமார் 3 சதவீதம் விரியும் என்று வகுப்பில் போர்டில் எழுதிப்போட்டவனே நான்தான்.

"என்னடா இது, வெள்ளியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, அரை உலோகம்."

"அரைகுறையா எதைப் பண்ணினாலும் இப்படித்தான்."

அரை உலோகம் என்ற வார்த்தையையும் நான் ஒழுங்காகப் புரிந்துகொண்டு வந்தவன் இல்லை. பிஹெச்.டி. நேர்முகத் தேர்வில் அரை உலோகம் என்றால் என்ன என்று கேட்டார்கள். உலோகம் மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும் என்று பள்ளிக்கூட வேதியியலில் படித்த உலோகப்போலியை எடுத்துவிட்டேன். "அப்போ கிராஃபைட்?" என்றார் ஒருவர். கரியை எந்தக் கணக்கில் உலோகத்துக்கு உறவாக்குவது என்று விழித்தேன். கிராஃபைட்டும் அரை உலோகம்தான். பளபளப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எலக்ட்ரான்கள் ஆற்றல் பட்டைகளை எப்படி நிரப்புகின்றன என்பதே விஷயம்.

ஒரு பட்டைக்கு, ஓர் அலகுக்கூட்டுக்கு இரண்டு எலக்ட்ரான். பிஸ்மத் அணுவுக்கு வெளிக்கூட்டில் ஐந்து. ஒற்றைப்படை, ஆகவே ஏதோ ஒரு பட்டை பாதி நிரம்பும், ஆகவே உலோகம் என்று எம்.எஸ்சி. தேர்வில் எழுதினேன். அலகுக்கூட்டில் இரண்டு அணு இருப்பதை மறந்துவிட்டேன். இரண்டு ஐந்து பத்து. ஐந்து மரக்காலும் தலைதட்டி நிறைகிறது. நியாயமாகப் பார்த்தால் மின்சாரமே போகக் கூடாது. ஆனால் ஐந்தாவது பட்டையின் உச்சி ஓரிடத்தில், ஆறாவது பட்டையின் அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அந்த வித்தியாசத்தில் சில எலக்ட்ரான்கள் ஆறாவதுக்குக் கீழே வழிந்துவிடுகின்றன, ஐந்தாவதில் அவை விட்டுப்போன காலியிடங்கள்தான் துளைகள். தாமிரத்தில் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் ஓடித் திரிகிறது என்றால், கடுங்குளிரில் பிஸ்மத்தில் ஏறக்குறைய லட்சம் அணுவுக்கு ஒன்று. அந்த உச்சிக்கும் அடிமட்டத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு? 38 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மில்லி என்றதும் வேறு நினைப்பு வேண்டாம்.

இந்த 38 மில்லிக்காகத்தான் ஆராய்ச்சிக்கே போனேன். முதல் பட்டை வரைபடத்தை ஏ3 தாளில் அச்சடித்து கைடிடம் கொண்டுபோனேன். ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர். அந்த அளவில் 38 மில்லி என்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நான் போட்டிருந்த கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். எதைக் கண்டுபிடிக்கப் போனேனோ அதன் மேலேயே கோடு போட்டு மறைத்திருந்தேன்.

கைடு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எலக்ட்ரான் இருக்கு. துளையெல்லாம் எங்கப்பா?"

பட்டை வரைபடத்தில், சிலிக்கானில் பழகின பாதையிலேயே காமா, எக்ஸ், எல் என்ற உந்தப் புள்ளிகள் வழியாக நடந்துவிட்டு வந்திருந்தேன். கனசதுரப் படிகத்தில் எல் புள்ளிகள் நான்கும் ஒன்றுக்கொன்று சமம். மூலைவிட்டத்தோடு கொஞ்சம் இழுத்தால் பிஸ்மத்தின் அமைப்பு. அப்போது நான்கில் ஒன்று தனியே பிரிந்து டி ஆகிவிடும். எலக்ட்ரான்கள் மிச்ச மூன்று எல்-களில், துளைகள் அந்த ஒற்றை டி-யில். ஊரெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டுத் தாய்மாமன் வீட்டை மட்டும் விட்டவனின் நிலை எனக்கு. 1930லேயே லைடனில் ஷுப்னிகோவும் டி ஹாஸும் பிஸ்மத்தைக் காந்தப்புலத்தில் வைத்து, புலம் ஏற ஏற மின்தடை அலையலையாக ஏறி இறங்குவதைக் கண்டிருந்தார்கள். அந்தச் சின்னஞ்சிறு எலக்ட்ரான், துளைக் கூட்டங்கள் போடும் அலை அது. கணினி இல்லாமலே அவர்களுக்கு அகப்பட்டது.

டி-யைச் சேர்த்துக்கொண்டு மறுபடி போனேன். "ஸ்பின்–ஆர்பிட் போட்டியா?" போடவில்லை, எலக்ட்ரானின் தற்சுழற்சியை அதன் சுற்றோட்டத்தோடு இணைக்கும் அந்தக் கணக்கை. பிஸ்மத்தின் அணு எண் 83. அவ்வளவு கனத்த அணுவில் அந்த இணைப்பின் வலு சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட், நான் தேடிக்கொண்டிருந்த அளவைப்போல் நாற்பது மடங்கு. உள்ளீட்டுக் கோப்பில் ஒரே ஒரு வரி. அதையும் போட்ட பிறகு விடை 38ஐவிடப் பல மடங்கு பெரிதாக வந்தது. என்ன தப்பு என்று ஒரு வாரம் தேடினேன். எளிய அடர்த்திச் சார்புக் கணக்குகள் பிஸ்மத்தில் இப்படித்தான் மிகைப்படுத்தும் என்று கைடு சொன்னார். என் தப்பு இல்லாத தப்பு அது ஒன்றுதான். அதற்காக அன்றைக்கு கேன்டீனில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்கா மகளிடம் காட்டிய வித்தையையும் சொல்லிவிடுகிறேன். பிஸ்மத்தைக் காந்தம் விலக்கும். 1778லேயே புரூக்மன்ஸ் பார்த்துச் சொன்னது. எல் புள்ளியில் இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 15 மில்லி அளவுதான். அந்தச் சந்தில் எலக்ட்ரான்கள் செய்யும் வேலையால்தான் பிஸ்மத் இவ்வளவு வலுவான டயா காந்தம். வலுவானது என்பதெல்லாம் ஒப்பீட்டில்தான். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்துக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நூலில் கட்டித் தொங்கவிட்டேன், காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், துண்டு விலகியது. "பாத்தியா!" என்று குதித்தேன்.

"மாமா, ஃபேன் ஓடுது."

கடைசியாக ஒன்று. 2016இல் வகுப்பில், சாதாரண அழுத்தத்தில் பிஸ்மத் மீக்கடத்தி ஆகாது, ஜோடி சேர அதனிடம் எலக்ட்ரான் ஏது என்று கையை விரித்து ஒரு கைதட்டலும் வாங்கினேன். 2017 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரின் கட்டுரை வந்தது: 0.00053 கெல்வினில், சாதாரண அழுத்தத்தில், தூய பிஸ்மத் படிகம் மீக்கடத்தி ஆகிறது. பூமியின் காந்தப்புலமே அதைக் கெடுத்துவிடும். அதையும் மறைத்துத்தான் அளந்திருந்தார்கள். பின்பெஞ்சுப் பையன் ஒருவன் அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கீழே ஒரே வரி:

"சார், நோட்ஸ்ல அந்தப் பக்கத்தை அடிச்சிடலாமா?"