சாய்கோட்டுப் புணரியல்

கோப்பின் பாதையில் பெயருக்கும் பெயருக்கும் நடுவே நிற்பது ஒரு சாய்கோடு. யூனிக்ஸில் அது '/', விண்டோஸில் '\'. ஒன்றில் எழுதிய மென்பொருளை மற்றதற்குக் குடிமாற்றுவோர் இக்கோட்டால் படும் பாட்டுக்கு இலக்கணம் வகுப்பார் இல்லை. அக்குறை இன்று தீர்கிறது.

தோற்றம்: 1981-இல் வந்த எம்எஸ்-டாஸில் கோப்புறையே கிடையாது. கட்டளைகளுக்கு விருப்பம் சொல்லும் வேலையில் '/' துண்டு போட்டு இடம் பிடித்திருந்தது. 1983-இல் இரண்டாம் பதிப்போடு கோப்புறை வந்து இடம் கேட்டபோது, மிச்சமிருந்த '\' கிடைத்தது.

இயல்பு புணர்ச்சி: காணக் கிடைக்கவில்லை.

தோன்றல்: இரு பெயருக்கு நடுவே கோடு தோன்றும்.

திரிதல்: '/' '\' ஆகும். பழைய மேக்கில் முக்காற்புள்ளி. ஜப்பானிய விண்டோஸில் '\' யென் குறியாகக் காட்சி தரும். பாதை முழுக்கக் காசு.

கெடுதல்: இதுவே கடல். சி மொழியில் மேற்கோளுக்குள் 'நியூ' என்ற கோப்புறைக்கு முன் ஒற்றை '\' இட்டால், அதுவும் ஆங்கில 'என்' எழுத்தும் சேர்ந்து கெட்டு, புதிய வரி பிறக்கும். 'டெஸ்ட்' வந்தால் 'டி' கெட்டு டேப் இடைவெளி. பிறகு கோப்பைக் காணோம் என்று கணினி கைவிரிக்கும். பாதைகளை இணைக்கும் பைதானின் ஓஎஸ்.பாத்.ஜாயினிலோ, வருமொழி தலையில் சாய்கோட்டோடு வந்தால் யூனிக்ஸில் நிலைமொழி முழுதும் கெடும். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரை வெளியேற்றுவது போல. 'அது முழு முகவரியோடு வந்த மொழி, துணை வேண்டாது' என்பது பக்கத்து மேசைக்காரர் உரை. அவ்வுரையை டீக்கடையில் மூவர் மறுத்தனர். அம்மறுப்புக்கு அவர் பில்லின் பின்புறம் எழுதிய மறுப்பின் இரண்டாம் அடிக்குறிப்பை, வடை எண்ணெய் விழுங்கிவிட்டது. விழுங்கிய சொல் 'ஆம்' என்பார் ஒரு சாரார், 'ஆகாது' என்பார் மறுசாரார். இரண்டு முனைவர் பட்டத்துக்கு இடமுண்டு. நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். எனவே ஆய்வாளர் எவரும் அப்பக்கம் போவதில்லை.

முடிபு: கோப்பைத் திறக்கும் அழைப்புகளில் விண்டோஸும் பெரும்பாலும் '/'-ஐ ஏற்கும், அந்த டாஸ் இரண்டாம் பதிப்பே ஏற்றது. நிரலுக்குள் '/' மட்டும் எழுதுங்கள். மேலே படித்ததை மறந்துவிடலாம்.