விசிலதிகாரம்: குக்கர் ஒலி எண்ணும் மரபு குறித்து ஒரு முன்னாய்வு

ஆய்வு என்னும் சொல் 'ஆய்' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது. கீரையையும் ஆய்கிறோம். எனவே ஒவ்வொரு வீட்டிலும் அன்றாடம் ஆய்வு நடக்கிறது என்பது பெறப்படும். இப்படி ஒரு சொல்லைப் பிடித்து நாலு வரி இழுக்காத கட்டுரையைக் கருத்தரங்கில் சேர்ப்பதில்லை; பன்னாட்டுக் கருத்தரங்கில் அறவே சேர்ப்பதில்லை. (பன்னாட்டுக் கருத்தரங்காவது, உள்ளூர்க் கருத்தரங்கில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டுவது.)

ஆய்வுச் சிக்கல் வருமாறு. காலை 7.10. துணைவியார் குளிக்கப் போகிறார். போகுமுன், "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்கிறார். வீட்டு வேலைப் பங்கீட்டில் என் பங்கு இந்த எண்ணிக்கை மட்டுமே. இருந்தும் எத்தனை விசில் வந்தது என்பதில் நாள்தோறும் மூன்று பாடங்கள் கிடைக்கின்றன: என்னுடையது, அம்மாவுடையது, பள்ளிக்குக் கிளம்பும் மகனுடைய 'எனக்குத் தெரியாதுப்பா' என்னும் பாடம். கடைசியதே நம்பத்தக்கது.

முன்னாய்வுகள் குறைவு. பிரெஞ்சுக்காரரான டெனி பாபின் 1679இல் லண்டனில் ஆவி வெளியேறாத மூடிப் பாத்திரம் ஒன்றைக் காட்டினார். அது வெடிக்காமலிருக்க ஒரு பாதுகாப்பு வால்வையும் வைத்தார். 1682இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்தும் வைத்தார். எலும்பு கூட மெத்தென்று வெந்திருந்ததாக விருந்துக்குப் போன ஜான் ஈவ்லின் நாட்குறிப்பில் எழுதினார். எத்தனை விசில் என்று எழுதவில்லை. அறிஞர்கள் கூடிச் சாப்பிட்ட இடத்தில் தரவு காணாமல் போவது அன்றே தொடங்கிவிட்டது.

இனி வகைப்பாடு. சோற்று விசில்: மூன்று. உருளைக்கிழங்கு விசில்: யாரும் பொருட்படுத்துவதில்லை. கொண்டைக்கடலை விசில்: ஊறவைத்தீர்களா என்பதைப் பொறுத்தது, ஊறவைக்கவில்லையென்றால் எண்ணியும் பயனில்லை.

குற்றியல் விசில்: இதுவே ஆய்வின் உயிர்நிலை. முழு விசிலுக்கு முன் வெயிட் லேசாக ஆடி, 'ஸ்ஸ்' என்று சீறி அடங்குமே, அது. இதைக் கணக்கில் சேர்ப்பதா? கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு; மெய்யும் குற்றியலுகரமும் அரை. ஆகவே சீறலுக்கு அரை மாத்திரை கொடுத்தால் இரண்டு சீறல் ஒரு குறில் விசில் ஆகும். "சேரும், எங்க காலத்துல அதையும் சேத்துதான் எண்ணுவோம்" என்பது ஒரு கட்சி (அம்மா, வாய்மொழி, கூடம்). "சேராது" என்பது எதிர்க்கட்சி (துணைவியார், குளியலறைக் கதவு வழியாக). "என்ன, சீறிச்சா? கேஸ்கட்டை மாத்துங்க" என்று சிக்கலையே ஏற்க மறுப்பது மூன்றாவது கட்சி (மேல்வீட்டு மாமி, பால்கனிச் சுவடி, கொடியில் காயும் மூன்றாம் புடவைக்கு வடக்கே, மிக்சி ஓடியதால் பின்பகுதி சிதைந்துள்ளது, சிதைந்த இடத்தை 'பத்து வருஷமா மாத்தலையா' என ஊகித்து நிரப்பியுள்ளேன்). மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை இருப்பதால், வெயிட் ஆடியும் ஒலி எழாத நிலைக்குக் கால் விசில் தரலாமா என்பது தனி முனைவர் பட்டத்துக்குரியது. ஆள் இருக்கிறார்கள். நெறியாளரும் இருக்கிறார்.

அடுத்து இடைச்செருகல். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக் குக்கரும் அதே நேரத்தில் கூவும். தம் கொள்கைக்கு ஒத்துவராத பாட்டை இடைச்செருகல் என்று தள்ளுவது பதிப்பாசிரியரின் பிறப்புரிமை. அதே உரிமையில் நேற்று வந்த நான்காவது விசிலை நான் தள்ளினேன். நடை வேறாக இருந்தது. ஒலியில் ஒரு வடக்குவாடை. பிறகு பார்த்தால் அது எங்கள் குக்கர்.

ஓர் இடையூறான உண்மையையும் சொல்லியாக வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகை வரை சூடேறுகிறது. பருப்பு அதனால்தான் விரைவில் வேகிறது. அழுத்தம் மிஞ்சும்போது ஆவி வெயிட்டைத் தூக்கி வெளியேறுகிறது, அவ்வளவே விசில். தீயைக் கூட்டினால் மூன்று விசில் மளமளவென்று வரும். சிம்மில் வைத்தால் ஒன்றுக்கே காத்துக் கிடக்க வேண்டும். ஆக விசிலை எண்ணி நாம் அளப்பது பருப்பின் வேக்காட்டை அன்று, அடுப்பின் அவசரத்தை. எண்ண வேண்டியது நிமிடங்களை. இதை ஏற்றுக்கொண்டால் மேற்படி ஆய்வு மொத்தமும் வீண் என்பதால், இதை அடிக்குறிப்புக்கு அனுப்புகிறேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை.

இவ்வளவும் இன்று காலை அடுப்படியில் நின்றபடியே குறித்துக்கொண்டவை. குற்றியல் விசில் பகுதி கொஞ்சம் நீண்டுவிட்டது. தலையில் துண்டோடு வந்த துணைவியார் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

"அஞ்சு" என்றார்.

குளித்துக்கொண்டே எண்ணியிருக்கிறார். பருப்பு அடியில் லேசாகப் பிடித்திருந்தது, சாம்பாரில் தெரியவில்லை.