நரி காக்கும் நெல் தெய்வம்

ஜப்பானின் கியோட்டோ நகரில், 233 மீட்டர் உயரமுள்ள இனாரி மலையின் அடிவாரத்தில் அமைந்தது ஃபுஷிமி இனாரி என்னும் ஷிண்டோ ஆலயம். இது 711இல் தோன்றியது என்பது ஆலய மரபு. ஓனின் உள்நாட்டுப் போரில் எரிந்துபோய், 1499இல் மறுபடி எழுப்பப்பட்டதே இன்றைய பிரதானக் கட்டடம். இனாரி முதலில் நெல்லுக்கு மட்டும் தெய்வம். நாட்டில் வியாபாரம் பெருகியதும் அந்த இலாகாவும் இவரிடமே வந்து சேர்ந்தது.

இங்கே நரி தெய்வமன்று, தெய்வத்தின் தூதர். கல் நரிகள் வாயில் நெற்கதிரோ களஞ்சியச் சாவியோ கவ்வியிருக்கும். பொரித்த டோஃபு நரிக்குப் பிடிக்கும் என்று ஜப்பானியர் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார்கள். நரியைக் கேட்டதாகத் தகவல் இல்லை. வாசல் கடைகளில் சுட்ட சிட்டுக்குருவியும் உண்டு. நெல்லைத் தின்பது குருவியின் குற்றம். தண்டனையை நிறைவேற்றுவது பக்தர்.

முகப்பு வாயில் 1589இல் அன்றைய ஆட்சியாளர் டோயோடோமி ஹிடேயோஷி கட்டியது. தாய் நோயுற்றபோது, அவர் பிழைத்தால் 10,000 கொகு அளவு அரிசி தருவதாக வேண்டிக்கொண்டவர் ஹிடேயோஷி. ஒரு பெண்ணை நரி ஆவி பிடித்ததாகக் கேள்விப்பட்டு, அதை விலக்காவிட்டால் நாடெங்கும் நரிவேட்டைதான் என்று இனாரிக்கே கடிதம் எழுதினார் என்றும் சொல்வார்கள். தூதர் தப்பு செய்தால் மேலிடந்தானே பதில் சொல்ல வேண்டும்!

வழிபாட்டில் பேச்சு குறைவு. இடக்கை, வலக்கை, வாய் என்ற வரிசையில் கழுவ வேண்டும்; தண்ணீர் மொள்ளும் அகப்பையை வாயில் வைக்கக் கூடாது. பிறகு காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனிவது முறை.

மலையேறும் வழிநெடுக ஆயிரக்கணக்கான செந்நிற டோரி வளைவுகள். எல்லாம் வேண்டுதல் பலித்தவர்களும் பலிக்க வேண்டியவர்களும் கொடுத்தவை. உபயதாரர் பெயரும் நாளும் தூணின் பின்பக்கம் எழுதியிருக்கும். ஏறும்போது பக்தி மட்டும் தெரியும். இறங்கும்போது கம்பெனிப் பெயர்கள் வரிசையாக எதிர்கொள்ளும். மரம் உளுத்ததும் வளைவை மாற்றியாக வேண்டும். ஆகவே நன்றிக்கும் காலக்கெடு உண்டு.

வழியில் வேண்டுதல் கல்லும் உண்டு. வேண்டிக்கொண்டு தூக்கும்போது நினைத்ததைவிடக் கனம் குறைவாகத் தெரிந்தால் காரியம் கைகூடும். மலையைத் தூக்கப்போவதாக எண்ணிக்கொண்டு கை வைப்பவருக்குத் தோல்வியே இல்லை.

பாதி மலையில் யோட்சுட்சுஜி சந்தி வரும். நகரம் அழகாகத் தெரியும் இடம் அதுதான். உச்சியில் மரங்கள் மறைத்துவிடுகின்றன. இது தெரிந்தவர்கள் அங்கேயே டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தெரியாதவர்கள் மேலே ஏறுகிறார்கள். உயரம் கூடக்கூட, தானியங்கி இயந்திரத்தில் பானத்தின் விலையும் கூடவே ஏறுகிறது.