அண்ணன் வந்திருக்கேன்னு சொல்லு

மனைவியைச் சாப்பிட அழைத்துப் போகிறேன் என்று அண்ணன் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வில்லியனூரிலும் பாகூரிலும் பரோட்டாக் கல் சூடேறும் நேரத்தில் கடைவாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டு, அவள் இறங்கிப் புடவையைச் சரிசெய்வதற்குள் கல்லாவை எட்டிவிடும் மனிதர் இவர். நாற்காலியை இழுக்கும் முன்பே உத்தரவு பிறந்துவிடும்: “தம்பி, மாஸ்டர்கிட்ட அண்ணன் வந்திருக்கேன்னு சொல்லு.” தம்பி போய்ச் சொல்கிறான். மாஸ்டர் மாவை வீசிக்கொண்டே தலையாட்டுகிறார். ஆட்டியது தமக்காகவா, மாவு வீசிய வேகத்திலா என்ற ஐயம் தீராமல் அண்ணனே எழுந்து அடுப்படிவரை போகிறார். இவர் பசிக்கு வருவதில்லை, தம்மை நாலு பேருக்குத் தெரியும் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளத்தான் வருகிறார் என்பது என் கட்சி. மனைவி வருவது சாட்சி சொல்ல.

சான்றுகள் கடைக்குள்ளேயே கிடக்கின்றன. பின்பக்கம் திரை போட்ட ஏசி பேமிலி ரூம் இருக்கிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் நிம்மதியாகப் பேசிச் சாப்பிடுவதற்கென்றே கட்டியது. அவள் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் போதும், “அங்க ஏசிக்குத் தனி விலைம்மா” என்று இவர் தடுத்துவிடுவார். விலை ஒரு சாக்கு. திரைக்குள் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் வணக்கம் வைக்க முடியாது. ஆகவே கல்லாவுக்கும் வாசலுக்கும் நடுவே, மின்விசிறிக் காற்று எட்டாவிட்டாலும் பார்வை எட்டுகிற மேசைதான் அவருடையது. அடுத்தது சால்னா. கேட்டவருக்கெல்லாம் ஊற்றுவது அது. ஆனால் அவர் தட்டில் இரண்டாம் முறை விழும்போது, “பாத்தியா, நமக்குன்னா தனி கவனிப்பு” என்று அவளைப் பார்ப்பார். பக்கத்து மேசைப் பையன் மூன்றாம் முறை வாங்கிக்கொண்டிருப்பதை அவள் பார்த்திருப்பாள், சொல்ல மாட்டாள். கலக்கி கேட்டாலும் “நமக்குன்னு சொல்லு”, தண்ணீர் கேட்டாலும் “நமக்குன்னு சொல்லு.” தண்ணீரில் மாஸ்டர் எந்தக் கைப்பக்குவத்தைக் காட்டுவார்?

வெளியூர் என்றால் ஆள் மாறிவிடுவதும் ஒரு சான்றுதான். வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் பத்துக் கிலோமீட்டர் தொலைவுதான். பாகூர்க்காரருக்கோ புதுச்சேரியைவிடக் கடலூர் கிட்டம். கடற்கரைப் பக்கம் போய்ச் சாப்பிடலாமா என்று அவள் கேட்டால், “அங்க தட்டு பெருசு, சோறு சின்னது” என்பார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது என்பதுதான் நிஜம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் அவர் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, மூன்றாம் மேசைக்காரர்.

ரெஸ்டாரண்ட் என்ற ஏற்பாடே யாரையும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதற்காக வளர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் அந்தச் சொல்லுக்கு உடம்பைத் தேற்றும் சூப் என்று பொருள். நம் ஆட்டுக்கால் சூப்புக்கு ஒன்றுவிட்ட உறவு. அதற்கு முன்பெல்லாம் சத்திரத்துப் பொது மேசையில், குறித்த நேரத்தில், வடித்ததைத் தின்றுவிட்டு எழ வேண்டும். சூப்புக் கடைக்காரர்கள்தான் தனி மேசை போட்டு, பட்டியலை நீட்டி, வந்தவரை அவர் பாட்டுக்கு விட்டார்கள். அந்தப் பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர்வரை நம்மை ஆண்டார்கள். எதை எதையோ விட்டுப் போனார்கள். இந்த ஒன்றை மட்டும் அண்ணன் உள்ளே விடவில்லை.

சின்ன ஊரில் உறவில்லாமல் கடை நடக்குமா, பழகிய முகம்தானே முதலாளிக்கு மூலதனம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பில் வந்ததும் அந்த உறவு என்ன செய்கிறது பாருங்கள். ஐந்து சதவீத ஜிஎஸ்டியில் மத்திய அரசுக்கு 2.5, புதுச்சேரிக்கு 2.5. “நமக்குமா ஜிஎஸ்டி?” என்று கல்லாவில் சாய்ந்து நிற்பார். முதலாளி சிரிப்பார். அந்தச் சிரிப்பின் விலை வரியைவிட அதிகம். இன்னொரு வாதமும் உண்டு, அதற்கு நான் பாதி இணங்குகிறேன். பகலெல்லாம் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு டோக்கன் நம்பராக நின்றுவிட்டு வருகிறவருக்கு ராத்திரியில் நாலு பேர் அண்ணே என்று கூப்பிட்டால் குறைந்தா போகிறது? குறையவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கும் இரக்கம் உண்டு.

ஆனால் எதிரே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே. அவளும் நாளெல்லாம் நின்றவள்தான். அவள் அடுப்பு மூட்டாத ஒரே ராத்திரி இது. அவர் அடுப்படியில் மாஸ்டரையும் கல்லாவில் முதலாளியையும் வாசலில் பஞ்சாயத்துக்காரரையும் விசாரித்துவிட்டு வருவதற்குள் அவள் பரோட்டா ஆறி விறைத்துவிடுகிறது. “ஏங்க, ஆறுதுங்க” என்று ஒருமுறை சொல்லியிருப்பாள். “நீ சாப்புடும்மா, யாரு வேணாங்குறா?” தனியாகச் சாப்பிடுவதற்கு அவளுக்கு வீடே போதும், தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறாள்.

அவளுக்கு வேண்டியதையும் அவரே சொல்லிவிடுவார், அவளுக்குப் பிடிக்காத முட்டை பரோட்டாவாகப் பார்த்து. அதனால் சப்ளையர் தம்பிகளே, அண்ணன் வந்திருப்பதை மாஸ்டரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். போகிற வழியில் அண்ணிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.