கடிபட்டவர்களின் டைரி

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு டிராகுலா என்றால் கிறிஸ்டோபர் லீதான். இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் 1958இல் வெளியிட்ட படம், பல ஊர்களைச் சுற்றிக் கோடு விழுந்த பிரிண்டாக எங்கள் கொட்டகைக்கு வந்தது. சிவந்த கண்கள், வாயோரம் வழியும் ரத்தம், தோளிலிருந்து தரைவரை தொங்கும் கறுப்பு அங்கி. இரண்டாம் ஆட்டம் விட்டதும் மீசை முளைத்த அண்ணன்கள்கூடக் கூட்டமாகத்தான் நடந்து வந்தார்கள். “காட்டேரிப் படமாடா பார்த்துட்டு வர்றீங்க?” என்று பாட்டி திட்டித் தீர்த்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிய பிறகே படுக்க விட்டார்.

இப்போது என் அக்கா மகளின் அலமாரியில் ‘ட்வைலைட்’ நாவல்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்டெஃபனி மேயர் 2005இல் தொடங்கிய வரிசை அது. அதன் நாயகன் எட்வர்டைப் பற்றி அவள் பேசும்போது குரலில் பயமே இல்லை.

“எட்வர்ட் மனுஷ ரத்தத்தைத் தொட மாட்டான் மாமா. அவங்க வீட்டுல எல்லாருக்கும் மிருக ரத்தம்தான். அதனால தங்களை வெஜிடேரியன்னே சொல்லிக்குவாங்க.”

“வெயில் பட்டா சாம்பலாயிட மாட்டானா?”

“இல்ல மாமா, உடம்பெல்லாம் மின்னும்.”

எனக்குத் தெரிந்த டிராகுலா வெயிலில் கருகிச் செத்தவன். அந்த வழக்கமும் அப்படியொன்றும் பழையதில்லை என்பது பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை முழுதாகப் படித்த பிறகுதான் தெரிந்தது. 1897இல் வெளியான அந்தப் புத்தகத்தில் டிராகுலா லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடமாடுகிறான்; பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய ஒளியில் அழிவது ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற 1922ஆம் ஆண்டு மௌனப்படத்தில் வந்த முடிவு. அனுமதி வாங்காமல் நாவலைப் படமாக்கியதற்காக ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. தப்பிப் பிழைத்த பிரதிகள் வழியாக அந்த வெயில் பின்னால் வந்த பல படங்களுக்கும் பரவியது.

இன்னும் பின்னால் போனால் அங்கியும் இல்லை, கோட்டையும் இல்லை. 1725இல் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த ஒரு செர்பிய கிராமத்தில் பீட்டர் ப்ளகோயெவிச் என்ற குடியானவர் இறந்தார். அடுத்த எட்டு நாட்களுக்குள் ஒன்பது பேர் இறந்துபோனார்கள். இறந்தவரே திரும்பி வந்து கொல்கிறார் என்று நம்பிய ஊரார் அவருடைய குழியைத் தோண்டினார்கள். உடல் அழுகாமல் இருந்ததையும் வாயில் ரத்தம் இருந்ததையும் கண்டு, நெஞ்சில் கழுவை இறக்கி உடலை எரித்தார்கள். ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் இதைப் பார்த்து எழுதிய அறிக்கை வியன்னா செய்தித்தாளில் வந்தது. புதைத்த உடல் உப்புவதும், உள்ளே தேங்கிய திரவம் வாய்வழி வெளியேறுவதும் இயற்கை என்று இன்று நமக்குத் தெரியும். அன்று அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வீடு வீடாகச் சாவு விழுகிறது என்பதுதான். ரத்தம் குடிக்கும் வாம்பயரின் அந்தப் பழைய கதை, காரணம் தெரியாமல் செத்தவர்களுக்காக ஊர் தேடிய காரணம். அந்தக் குடியானவரைப் பிரபுவாக்கியவர் கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்த ஜான் பொலிடோரி. 1819இல் வெளியான அவருடைய கதையில் வாம்பயர் லண்டன் விருந்துகளில் உலவும் சீமான் ஆனான்.

ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலாவின் குரலில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது. டைரிகள், கடிதங்கள், தந்திகள், ஃபோனோகிராஃபில் பேசிப் பதிந்த குறிப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் புத்தகம். பெரும்பாலும் அவனால் பாதிக்கப்பட்டவர்களும் அவனை எதிர்த்தவர்களும் எழுதியவை. மினா என்ற பெண் அவற்றைத் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறாள். அந்த அடுக்குதான் கடைசியில் அவனைப் பிடிக்கிறது.

அதில் என்னை உலுக்கியது கோட்டைக் காட்சி அல்ல, லூசியின் படுக்கையறை. நாளுக்கு நாள் வெளுத்துப்போகும் அந்தப் பெண்ணின் கழுத்தில் பேராசிரியர் வான் ஹெல்சிங் பூண்டுப் பூ மாலை போடுகிறார், ஜன்னலை அடைக்கிறார். அவளுடைய அம்மாவுக்கு இதய நோய். அதிர்ச்சி தாங்க மாட்டார் என்று யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. இரவில் அறைக்குள் வந்த அந்த அம்மா, நெடி பிள்ளைக்கு ஆகாதே என்று பூக்களை அகற்றி, காற்று வரட்டும் என்று ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைக்கிறார். காலையில் அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். அவர் நகரும்வரை முகத்தை அடக்கிக்கொண்டிருந்த பேராசிரியர் பிறகு உடைந்து அழுகிறார். லூசியைக் காப்பாற்ற நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்தம் கொடுக்கிறார்கள். ரத்த வகைகளை லாண்ட்ஸ்டெய்னர் கண்டறிந்தது 1901இல்தான்; பொருந்துமா என்று பார்க்க அந்தக் கதை மாந்தர்களுக்கு வழியில்லை. கையை நீட்ட மட்டும் தெரிந்திருந்தது. பெற்ற பாசமே கதவைத் திறந்துவிடும் என்பதையும், திறந்த பிறகும் மனிதர்கள் விடாமல் போராடுவார்கள் என்பதையும் இதைவிட அழுத்தமாகச் சொன்ன திகில் கதையை நான் படித்ததில்லை.

1976இல் ஆன் ரைஸ் மைக்கைக் கைமாற்றினார். ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ நாவலில் ஒரு இளைஞன் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கேட்கிறான், வாம்பயர் தன் கதையைச் சொல்கிறான். ரைஸின் சிறு மகள் 1972இல் ரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தாள். நாவலில் கிளாடியா என்ற சின்னஞ்சிறு பெண் சாகாமலும் வளராமலும் இருக்கிறாள். அந்தத் தாயின் துக்கத்தை அறிந்த யாரும் இந்தக் கைமாற்றத்தைக் குறை சொல்ல முடியாது. பசியைக் கட்டி ஆளும் எட்வர்டை நேசிக்கும் என் அக்கா மகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். விலக்கி வைக்கப்பட்டவனுக்கும் மனம் உண்டு என்று அந்தத் தலைமுறை இந்தக் கதைகள் வழியாகவும் அறிந்துகொண்டது. அது நல்ல பாடம்.

ஆனால் இந்த மாற்றத்தில் லூசிகள் காணாமல் போனார்கள். கடித்தவனின் தனிமையும் குற்றவுணர்வும் காதலும் பக்கம் பக்கமாக விரிய, கடிபட்டவர் பல கதைகளில் பெயரின்றி ஒரு வரியில் செத்துப்போகிறார். அவருக்கு ஒரு அம்மா இருந்தாரா, யாராவது ரத்தம் கொடுக்க ஓடி வந்தார்களா என்று கதை கேட்பதில்லை. சுரண்டுகிறவனின் சோகம் சுவாரஸ்யமானது என்பதற்காக, சுரண்டப்பட்டவரின் கணக்கை மறந்துவிடும் பழக்கம் நமக்கு வந்துவிடக் கூடாது. கதையில் பழகியது வாழ்க்கையிலும் வரும்.

அதனால்தான் ரையன் கூக்லரின் ‘சின்னர்ஸ்’ எனக்கு முக்கியமான படம். 2025இல் வந்த அது 1932இன் மிசிசிப்பியில் நடக்கிறது. பருத்தி வயல்களில் உழைக்கும் கறுப்பின மக்கள் ஓர் இரவு பாடி ஆடக் கூடுகிறார்கள். வாசலில் வந்து நிற்கும் வாம்பயர் இனிமையாகப் பேசுகிறான். உங்களை ஒடுக்காத உலகத்தைத் தருகிறேன் என்கிறான். அவனுக்கும் இழந்த மண்ணும் பாட்டும் உண்டு. படம் அவனுடைய வலியை மறைக்கவில்லை. ஆனாலும் கேமரா உள்ளே இருப்பவர்களோடு நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது, காதல் இருக்கிறது, இழக்க ஏதோ ஒன்று இருக்கிறது. யார் சாகும்போதும் நமக்கு வலிக்கிறது.

என் அக்கா மகளுக்கு ஸ்டோக்கரின் நாவலைக் கொடுத்திருக்கிறேன். எட்வர்டை அவள் கைவிட வேண்டாம். மினா தட்டச்சு செய்த பக்கங்களையும் அவள் படிக்க வேண்டும். இனி எந்த வாம்பயர் கதையை எடுத்தாலும், செத்துப்போனவரின் பெயர் என்ன என்று கேட்கிற வாசகியாக அவள் வளர்ந்தால் போதும்.